கருவிக்குக் காட்டாத இலை

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் உண்டு. மரங்களைச் சாய்த்த பெரும்புயலுக்கு அடுத்த வருஷமா, அதற்கும் அடுத்த வருஷமா, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோயிலில் சூடம் அணைத்த அன்று மழை பெய்தது என்கிறார்கள் சிலர். எனக்கு வெயில்தான் ஞாபகம். கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டது எது என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை. ஆனாலும் ராஜகுமாரிக்கும் அவள் தம்பி முருகானந்தத்துக்கும் நடந்தது இதுதான். அதில் ஊருக்குள் இரண்டு பேச்சு இல்லை.

பூம்பாறையிலிருந்து மேலே ஏறும் வழியில், பூண்டு வயல்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அவர்கள் ஊர். ராஜகுமாரியின் புருஷன் திருமலைச்சாமி தைலம் காய்ச்சுகிறவர். கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் சளிக்கும் மூட்டுவலிக்கும் வாங்கிப் போகிறார்களே, அந்த யூகலிப்டஸ் தைலம். ஓடையோரம் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அண்டா. இலையை மிதித்து நிரப்பி, மூடியைச் சுற்றிச் சேறு பூசி, அடியில் தீ போட்டால் ஆவி குழாய் வழியே ஓடைத் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து மறுமுனையில் சொட்டும். தண்ணீரின் மேலே தைலம் மிதக்கும். காய்ச்சுவது ஆம்பிளை வேலை, இலை பொறுக்குவது பொம்பிளை வேலை. இலை எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டதில்லை. தீ எரிவது போதுமா என்று அவள் கேட்டதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான்.

இறங்கிய தைலத்தைக் கேனில் ஊற்றி, காலை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடைகளில் சேர்ப்பவன் முருகானந்தம். அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் அவன் வீடு. சீசனுக்கு முந்தின மாதங்களில் கொடைக்கானலில் லாட்ஜுகளுக்குப் பெயிண்ட் அடிக்கவும் போவான். வாய் ஓயாதவன்.

"எக்கா, மச்சான் தாலி கட்டுனது அந்த அண்டாவுக்குத்தான். ஒன்னிய எல பொறுக்கத்தான் கூட்டியாந்தாரு."

"போடா. சோறு போடுறப்ப மட்டும் அந்த அண்டாகிட்டப் போயி நில்லு பாப்பம்."

"அது அவிச்ச எலையில்ல போடும்? நீயும் அதத்தான் போடுற. உப்பு மட்டும்தான் கூட."

திருமலைச்சாமி இதற்கெல்லாம் சிரிக்க மாட்டார். அண்டாவைப் பார்த்தபடியே, "ஏலே, பஸ்ஸு போயிரும்" என்பார். அவருக்கு மச்சினன்மேல் கோபமில்லை. பேச்சு அவருக்கு வராது, அவ்வளவுதான். இந்த வீட்டில் மணிக்கணக்காக யாரும் பேசாமல் இருப்பது சண்டையின் அடையாளம் அல்ல. சண்டை வந்தபோதும் அந்த மௌனம்தான் இருந்தது என்பதால், வந்ததே வெளியில் தெரியவில்லை.

புயலுக்கு முந்தின வருஷம் பழனியிலிருந்து சௌம்யா என்ற பெண் வந்தாள். அடிவாரத்தில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. தைலத்தில், பெயிண்டை இளக்க ஊற்றுகிற டர்பன்டைன் கலந்து விற்கிறார்கள் என்று சுற்றுலாக்காரர்களிடமிருந்து புகார் மேல் புகார். கொடைக்கானல் தைல வியாபாரிகள் சேர்ந்து, கலப்படமில்லாத புட்டிக்கு ஒரு வட்ட முத்திரை ஒட்டுவது என்று முடிவெடுத்து, சோதித்துச் சொல்லும் பொறுப்பை அவள் கல்லூரியிடம் கொடுத்திருந்தார்கள். அவளிடம் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கருவி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை எண்ணெய்க்குள் செலுத்திப் பார்க்கும் கருவி.

"எண்ணெய் அந்த வெளிச்சத்துல கொஞ்சத்தக் குடிச்சுக்கும்கா" என்று ராஜகுமாரிக்குச் சொன்னாள். "எந்த இடத்துல எவ்வளவு குடிக்குதுன்னு இது கோடா வரைஞ்சு காட்டும். சுத்தமான எண்ணெய்க்கு ஒரு கோடு. வேற எதுவும் சேர்ந்தா கோடு மாறிரும். ஆனா சுத்தமானது எப்படி இருக்கும்னு மொதல்ல நாமதான் அதுக்குக் காட்டணும்."

அதற்காகத்தான் அவள் வந்திருந்தாள். ஒரு நாள் முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து, இலை அண்டாவுக்குள் போனது முதல் கடைசிச் சொட்டு விழுந்தது வரை பார்த்து, தன் கையாலேயே கண்ணாடிக் குப்பியில் தைலத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கெங்கயோ எண்ணெய் வாங்கிப் பார்த்தேன் அண்ணா. என் கண்ணு முன்னாடி இறங்கினது இது ஒன்னுதான். இதையேதான் அளவா வச்சுக்கப் போறேன். இனிமே யார் எண்ணெய் கொண்டுவந்தாலும் உங்க எண்ணெயோட ஒத்துப் பார்த்துத்தான் முத்திரை."

அன்று சாயங்காலம் திருமலைச்சாமி அவராகவே எழுந்து போய் டீக்கடையில் உட்கார்ந்தார். அதற்கு முன்னால் அவர் அங்கே உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

பிறகு புயல் வந்தது. ஊருக்கு மேலே இருந்த பழைய தைலத்தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. நீலம் பாய்ந்த, அரிவாள்போல வளைந்த இலை கொண்ட கிழட்டு மரங்கள். மரம் ஏலத்தில் போயிற்று. சில வாரங்கள் இலைக்குப் பஞ்சமில்லை. அதன்பிறகு இலையே இல்லை. ராஜகுமாரி ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவுக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே வெள்ளைத் தோலோடு ஒரே நேராய் வளர்ந்த மரங்கள். இவையும் தைலமரங்கள்தான், ஆனால் வேறு சாதி. இலை கொஞ்சம் மெல்லிசு. கசக்கினால் மணம் வரத்தான் செய்தது. அந்தச் சரிவுக்குள் போகக்கூடாது என்று காட்டிலாகா கார்டு இரண்டு முறை எச்சரித்திருந்தான். அதனால் வெள்ளனே போய், அவன் கிளம்புவதற்குள் மூட்டையோடு திரும்பிவிடுவாள்.

தைலம் முன்னைப்போல் இறங்கவில்லை. மணத்திலும் ஏதோ ஒரு சின்ன வித்தியாசம். "எல நனஞ்சு கெடக்கு" என்றார் திருமலைச்சாமி. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

முத்திரைக்கான முதல் சோதனை பெருமாள்மலையில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. திருமலைச்சாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். "நீயும் வா" என்று ராஜகுமாரியிடம் சொன்னார். அவர் அவளை ஓர் இடத்துக்கு அழைத்தது எத்தனை வருஷத்துக்குப் பிறகோ. மண்டபத்தில் கடைக்காரர்களும் காய்ச்சுகிறவர்களும் கூடியிருந்தார்கள். கடைகளில் இருந்தே புட்டிகளை எடுத்து வந்து வரிசையாக வைத்திருந்தாள் சௌம்யா.

திருமலைச்சாமியின் புட்டி வந்தபோது அவள் சிரித்தபடிதான் திறந்தாள். கருவியை வைத்தாள். திரையில் பழைய கோடு பச்சையில் இருந்தது, புதுக்கோடு சிவப்பில் அதன்மேல் ஏறியது. கொஞ்ச தூரம் இரண்டும் ஒன்றாகவே போயின. ஓர் இடத்தில் சிவப்பு தனியாகக் கீழே இறங்கியது. சிரிப்பு அவள் முகத்திலிருந்து போகவில்லை, ஆனால் அசையாமல் நின்றுவிட்டது. குப்பியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். வேறு கடையிலிருந்து வந்த அவருடைய புட்டியைத் திறந்து வைத்தாள். அதே கோடு.

"அண்ணா" என்றாள் மெதுவாக. "நூத்துக்கு இருபது பங்கு டர்பன்டைன்னு காட்டுது."

கடைக்காரர் சுவாமிநாதன்தான் ஆரம்பித்தார். "நல்லதாப் போச்சு திருமலை. தடுமத்துக்குத் தேச்சுட்டு மிச்சத்த வச்சு ஜன்னலுக்குப் பெயிண்டும் அடிச்சுக்கலாம்." மண்டபம் சிரித்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் திருமலைச்சாமி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மூடுபனி. ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை, அவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் வந்து இறங்கி, வீட்டுக்குள் நுழைந்து, வேட்டியை மாற்றிக் கொடியில் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"என் எண்ணெயத்தான் அளவா வச்சிருக்கு அந்தப் புள்ள. என் எண்ணெயே என் எண்ணெய இல்லேங்குது." கொஞ்ச நேரம் நின்றார். "கொட்டகையிலருந்து கடை வரைக்கும் இதத் தொடுற கை எது?"

ராஜகுமாரிக்குப் பதில் தெரியும். இடையில் இருந்தது ஒரே கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் வருஷத்தில் பாதி நாள் பெயிண்டில் டர்பன்டைன் ஊற்றிக் கலக்குகிறவன்.

"அவன் அப்படிச் செய்ய மாட்டாங்க" என்றாள்.

"அப்ப நான் செஞ்சனா?"

அவள் அதற்குமேல் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் அன்று அவள் பேசியிருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் என்ன பேசுவது? கருவி பொய் சொல்லாது என்று படித்த பெண் சொல்கிறாள். புருஷன் கலக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். மிச்சம் இருப்பது ஒருவன்தான்.

முருகானந்தத்தின் வீட்டுக்கு அவர் போனபோது அவளும் பின்னாலேயே போனாள். அவன் வீட்டுப் பின்புறம் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே பாதி தீர்ந்த டர்பன்டைன் கேன் இருந்தது. அவன் முதலில் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டான்.

"மச்சான், இத வாங்குற காசுக்கு இன்னும் ரெண்டு மூட்ட எல வாங்கலாம். கூறுகெட்டவனா இருந்தாத்தான் இதப் போயி அதுல ஊத்துவான்."

"நீ கூறுள்ளவன்னு எவன் சொன்னான்?"

அப்போதுதான் அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை அவன் பார்த்துக்கொண்டான்.

"எக்கா, நீயுமா?"

கருப்பசாமி கோயிலில் சூடம் அணைப்பது என்று முடிவாயிற்று. அந்த ஊரில் தீராத வழக்குக்கு அதுதான் கடைசி. பழி சொன்னவனும் பழி ஏற்றவனும் சாமி முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வார்கள். இருவரில் பொய் சொன்னவனைச் சாமி ஒரு மண்டலத்துக்குள் காட்டிக்கொடுக்கும். அதோடு இன்னொன்றும் உண்டு. சூடம் அணைத்த இரண்டு வீட்டுக்கும் நடுவே அன்றிலிருந்து தண்ணீர் புழக்கம் கிடையாது. ஒருவர் வீட்டில் ஒருவர் நுழையக்கூடாது, ஒருவர் கையால் ஒருவர் தண்ணீர் வாங்கக்கூடாது. ஒரு தரப்பு பூசாரி முன்னால் குற்றத்தை ஒத்துக்கொண்டால் மட்டுமே அந்தக் கட்டு அவிழும். மீறினால் பிள்ளைகளுக்கு ஆகாது. ராஜகுமாரியின் ஒரே மகள் மணிமேகலையை ஆயக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம்.

பூசாரி நல்லசாமி அவசரப்படாதவர். சூடத்தை ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்டாவில் வேறு ஏதும் காய்ச்சினீர்களா? இல்லை. கேன் புதுசா, பழசா? பழசுதான். பிறகு ராஜகுமாரியின் பக்கம் திரும்பினார்.

"ஏன் தாயி, எலையில எதுவும் மாத்தம் உண்டா?"

கூட்டத்தின் ஓரத்தில் காட்டிலாகா கார்டும் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ராஜகுமாரி, "எல எப்பவும் போலத்தான் சாமி" என்றாள். பயந்து சொன்னாளா, அது ஒரு மாற்றம் என்றே தோன்றாமல் சொன்னாளா என்று பிற்பாடு அவளே தன்னை எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தாள். தெரியவில்லை. தைலமரத்து இலை தைலமரத்து இலைதான். அதில் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் அந்த ஊரில் யாரும் நினைத்திருப்பார்கள்.

திருமலைச்சாமி சூடத்தை அடித்து அணைத்தார். மறுபடி ஏற்றினார்கள். முருகானந்தம் அடித்து அணைத்தான். உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுச்சா? நான் பஸ்ஸு பிடிக்கணும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு அவனிடம் யாரும் கேன் கொடுக்கவில்லை. லாட்ஜுக்காரர்களும் கூப்பிடவில்லை. கொய்யா சீசன் என்று ஆயக்குடி மண்டியில் பெட்டி தூக்கும் வேலைக்கு இறங்கினான். வெயில் பழகாத மலைக்காரன். கிடைத்த இடத்தில் சாப்பாடு, கிடைத்த குழாயில் தண்ணீர், சந்தைக் கொட்டகையில் படுக்கை. பத்திருபது நாளில் கண் மஞ்சளாகித் திரும்பி வந்தான். மகாதேவி, அவன் பெண்டாட்டி, யாரோ சொன்ன பச்சிலையை அரைத்துக் கொடுத்தாள். குறைவதுபோல் இருந்தது, பிறகு ஒரேயடியாக ஏறியது. திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனபோது ஈரல் கெட்டுப்போய்விட்டது, முன்னமே வந்திருக்க வேண்டும் என்றார்கள். சில நாள் வைத்திருந்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

"கருப்பசாமி கணக்குத் தப்பாது" என்றது ஊர். சொல்லிவிட்டு ராஜகுமாரியைப் பார்த்தது.

அவள் அந்த நாட்களில் தம்பி வீட்டைத் தாண்டித்தான் குழாயடிக்குப் போக வேண்டும். கதவு திறந்திருக்கும். உள்ளே இருட்டில் அவன் படுத்திருப்பது தெரியும். நிற்க மாட்டாள், வேகமாகவும் போக மாட்டாள். ஒருநாள் உள்ளேயிருந்து குரல் வந்தது: "எக்கா, கொடம் வழியுது பாரு." அவள் குடத்தில் பாதிகூட இல்லை. அவளைப் பேச வைக்க அவன் அப்படிச் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். பேசாமல் போனாள். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சாமி காட்டிக்கொடுத்துவிட்டது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அது முழுசாகப் பொய்யாகவும் தோன்றவில்லை. அன்றைக்கு அவளுக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேதனை.

ஒருநாள் உச்சிப்பொழுதில் மகாதேவி வந்து வாசலுக்கு வெளியே நின்றாள்.

"மதினி, வெரசா வாங்க. ஒங்களக் கேக்குறாரு."

ராஜகுமாரி போனாள். நிலைப்படிக்கு வெளியே நின்றாள். அவன் வயிறு வீங்கி, கைகால் குச்சியாகிக் கிடந்தான். கண் மட்டும் பழைய கண், மஞ்சள் நிறத்தில். பக்கத்தில் செம்பில் தண்ணீர் இருந்தது. அவன் அதைத் தொட்டிருக்கவில்லை.

"உள்ள வாக்கா."

"எப்படிடா வருவேன்."

"தண்ணி தவிக்குது."

"மகாதேவி குடுப்பாடா."

"அவ குடுத்ததெல்லாம் குடிச்சாச்சு." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினான். "ஒங்கையால குடுக்கா."

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணிமேகலையை நினைத்தாள். மகாதேவி சுவரோடு சாய்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ வீட்டு முற்றத்தில் பூண்டு காய்ந்துகொண்டிருந்தது, அந்த வாசம் உள்ளே வரைக்கும் வந்தது.

"நல்லசாமியக் கூப்புடு" என்றான் முருகானந்தம்.

பூசாரி வந்தார். வாசலில் நாலைந்து பேர் கூடினார்கள். திருமலைச்சாமியும் வந்து தள்ளி நின்றார்.

"நான்தான் கலந்தேன் சாமி" என்றான் முருகானந்தம். "மச்சானுக்குத் தெரியாது. நான்தான்."

மகாதேவி வாயைத் திறந்தாள். அவன் கையைக் கொஞ்சம்போல் தூக்கினான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நல்லசாமி திருநீறு எடுத்து அவன் நெற்றியில் பூசினார். "ஒத்துக்கிட்டான். கட்டு அவுந்துச்சு" என்றார்.

ராஜகுமாரி நிலைப்படியைத் தாண்டினாள். செம்பை எடுத்தாள். அவன் தலையைத் தன் முழங்கையில் தாங்கி வாயில் வைத்தாள். இரண்டு மடக்கு குடித்தான். மிச்சம் கழுத்து வழியாக ஓடியது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"ஏன்டா அப்படிச் செஞ்ச? ஒன் மச்சான் மொகத்துல கரியப் பூசிட்டியேடா. அவரு ஒனக்கு என்னடா கொற வச்சாரு?"

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் கொஞ்சம் குடுக்கா" என்றான்.

கொடுத்தாள். பொழுது சாயும் முன் அவன் போய்விட்டான்.

சாவுக்குத் திருமலைச்சாமிதான் எல்லாம் முன்னின்று செய்தார். "ஒத்துக்கிட்டான்ல. அது போதும்" என்று வந்தவர்களிடம் சொன்னார். அதில் பெருமை இல்லை, ஒரு நிம்மதி இருந்தது. ராஜகுமாரி பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மற்றப் பெண்கள் மாரடித்தார்கள். ஒப்பாரியில் அக்கா பாட வேண்டிய இடம் வந்தபோது எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு வரவில்லை. உடன்பிறந்தவனுக்காக அழுவதா, பொய்ச் சத்தியம் செய்தவனுக்காக அழுவதா என்று தெரியவில்லை. மகாதேவி அவளோடு பேசவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகு வெகுநாளும் இல்லை.

மணிமேகலைக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை.

அடுத்த வருஷம் சௌம்யா மறுபடி மலைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். புயலுக்குப் பிறகு வந்த எண்ணெயில் பாதிக்குமேல் கருவி டர்பன்டைன் என்றே காட்டியது, கூக்கால் பக்கம், மன்னவனூர் பக்கம், ஒருவரையொருவர் தெரியாதவர்களின் எண்ணெயிலும்கூட. எல்லோருமா ஒரே அளவில் கலப்பார்கள் என்ற சந்தேகத்தில்தான் வந்தேன் என்று திருமலைச்சாமியிடம் சொன்னாள். பிறகு ராஜகுமாரியிடம் கேட்டாள்.

"அக்கா, நீங்க இலை பொறுக்குற இடத்தக் காட்டுறீங்களா?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. நல்லசாமி கேட்டார்தான், ஆனால் அவர் இடத்தைக் கேட்கவில்லை. ராஜகுமாரி அவளை ஓடைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனாள். சௌம்யா வெள்ளை மரத்தை அண்ணாந்து பார்த்தாள். கீழே கிடந்த ஒரு காய்க்கொத்தை எடுத்துப் பார்த்தாள். பிறகு பேசாமல் ஒரு பை நிறைய இலை பறித்துக்கொண்டு போனாள்.

இரண்டு வாரம் கழித்து வந்தாள். திருமலைச்சாமி கொட்டகையில் இருந்தார். அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, இரண்டு பேரையும் உட்கார வைத்து, தான் நின்றுகொண்டே சொன்னாள்.

"அந்த இலைய நானே கண்ணாடிப் பாத்திரத்துல காய்ச்சுனேன். ஒரு சொட்டு வேற எதுவும் சேர்க்கல. அதுக்கும் கருவி டர்பன்டைன்னுதான் காட்டுச்சு. டர்பன்டைன்ல இருக்கற பொருள் ஒன்னு அந்த மரத்து இலையில இயற்கையாவே நிறைய இருக்கு. பழைய தோப்பு மரத்துல அது கம்மி. கருவி பொய் சொல்லல அக்கா. அந்தப் பொருளப் பார்த்துச்சு, இருக்குன்னு சொல்லுச்சு. இந்த இலைய நான் அதுக்குக் காட்டவே இல்ல. தைலம்னா ஒரே மரம்னு நெனச்சுட்டேன்."

திருமலைச்சாமி கேட்டார்: "அப்ப என் எண்ணெயில?"

"ஒன்னுமே கலக்கல அண்ணா. யாருமே கலக்கல."

சௌம்யாவுக்கு முருகானந்தம் செத்தது தெரியும், மஞ்சள்காமாலை என்று. மற்றது தெரியாது. அவர்களும் சொல்லவில்லை. அவள் மன்னிப்புக் கேட்டாள், முத்திரை கிடைக்கும் என்றாள், காப்பி குடித்துவிட்டுப் போனாள். ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்டாவில் தீ அணைந்துபோயிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். யாரும் எழவில்லை.

"அவன் ஏன் ஒத்துக்கிட்டான்?" என்றார் திருமலைச்சாமி கடைசியில்.

ராஜகுமாரி எழுந்து வெளியே போனாள். தம்பி வீட்டு வாசலில் மகாதேவி பூண்டு தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. ராஜகுமாரி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அவன் கலக்கல" என்றாள்.

"தெரியும்" என்றாள் மகாதேவி. சாவுக்குப் பிறகு அவள் ராஜகுமாரியோடு பேசிய முதல் வார்த்தை.

"எப்ப இருந்து?"

"அந்தக் கேன நான்தான வாங்கியாந்தேன். வீட்டு வாசக்கதவுக்கு அடிக்க. அதுல கொறஞ்சது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"கோயில்ல ஏன்டி சொல்லல?"

"பொண்டாட்டி சொன்னா எவன் நம்புவான்? நீங்க நம்பியிருப்பீகளா?"

ராஜகுமாரி அறுத்துக் கிடந்த தாள்களைக் கையால் ஒதுக்கினாள்.

"சாகுற அன்னிக்குச் சொல்ல வந்தேன். கையக் காட்டுனாரு, பாத்தீகல்ல. முந்தின நாளே எங்கிட்டச் சொல்லிட்டாரு. 'அக்காவுக்கு மணிமேகல மேல உசுரு, அவ நெலயத் தாண்ட மாட்டா. நான் கலந்தேன்னு சொன்னாத்தான் வருவா. நீ நடுவுல பேசிறாத'ன்னாரு." மகாதேவி தாளை அறுத்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஒங்க மேல கோவம் எதுக்குத் தெரியுமா மதினி? தண்ணியக் குடுத்துக்கிட்டே வைஞ்சீகளே. அதுக்குத்தான்."

ராஜகுமாரி அப்போதுதான் அழுதாள். சத்தம் போட்டு அல்ல. மகாதேவி அறுப்பதை நிறுத்தவும் இல்லை, அவளைப் போகச் சொல்லவும் இல்லை. இருட்டும்வரை இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள்.

சௌம்யா அந்த இலையையும் கருவிக்குக் காட்டிவிட்டாள். இப்போது இரண்டு மரத்து எண்ணெய்க்கும் தனித்தனிக் கோடு இருக்கிறது, அவள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். முத்திரை வந்தது, திருமலைச்சாமி அதை வாங்கவில்லை. அண்டாவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, பூம்பாறையில் ஒருவருடைய பூண்டு வயலில் தண்ணீர் பாய்ச்சுகிறார். நல்லசாமி போன வருஷம் இறந்தார், அந்தக் கோயிலில் அவருக்குப் பிறகு யாரும் சூடம் அணைக்கவில்லை. மணிமேகலையின் மகள் ஆயக்குடியில் பள்ளிக்கூடம் போகிறாள். மகாதேவி மன்னவனூரில் தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். ராஜகுமாரி அதே வீட்டில் இருக்கிறாள், இலை பொறுக்கப் போவதில்லை.